குண்டு எட்டிய தூரம்

செஞ்சிக் கோட்டைக்கு உலகப் பெருமை வந்திருக்கிறது. 2025-ஆம் வருஷம் ஜூலை மாதம் பாரிஸ் நகரில் கூடிய யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழுவினர், மராட்டியர் ராணுவத் தலங்கள் என்ற பெயரால் 12 கோட்டைகளைத் தம் பட்டியலில் சேர்த்தனர். அவற்றுள் 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் உள்ளன. பன்னிரண்டாவது நம் செஞ்சி. தமிழ் மக்கள் மகிழ வேண்டிய செய்தி, நாமும் மகிழ்ந்தோம். மகிழ்ச்சியுடன் நின்றுவிடாமல், அக்கோட்டை நமக்குச் சொல்லும் புத்தியையும் சற்றுக் கேட்க வேண்டும் என்பது நம் கருத்து. இன்று உலக ராஜதந்திரிகள் நம் கடலைக் குறித்துப் பேசும் பேச்சுக்கும் செஞ்சியின் சரித்திரத்துக்கும் மிக நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் மதிலால் பிணைத்து நிற்பது இக்கோட்டை. 1690-ஆம் வருஷம் தொடங்கி 1698 வரையில் மொகலாயப் பெரும்படையை எதிர்த்து நின்றது. களஞ்சியமும் சுனையும் குளமும் உள்ளே உண்டு. உணவுக்கும் நீருக்கும் வெளியாரை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆயினும் புதுச்சேரிக் கடற்கரை இங்கிருந்து சாலை வழியே சுமார் 70 கிலோமீட்டர். செஞ்சியை ஆண்டோர் மலையைக் கண்ணுங் கருத்துமாகக் காத்தனர். கரையையோ, கப்பலேறி வந்தவர்களுக்குத் துண்டு துண்டாகப் பத்திரம் எழுதிக் கொடுத்தனர். முடிவில் மலையும் அந்தக் கப்பற்காரர்களிடமே போயிற்று. செஞ்சியின் சரித்திரச் சுருக்கம் இதுவே.

இன்றைய பேச்சு

இந்து மகா சமுத்திரத்தையும் பசிபிக் சமுத்திரத்தையும் ஒன்றாகச் சேர்த்து 'இந்தோ பசிபிக்' என்று புதுப் பெயரிட்டிருக்கின்றனர். உலகத்தின் செல்வமும் ஜனத்தொகையும் வியாபாரமும் இப்பக்கம் பெருகி வருகின்றன என்றும், இதன் பாதுகாப்பில் தங்களுக்கும் பொறுப்பு உண்டு என்றும் தூர தேசத்தார் ஒருவர்பின் ஒருவராகப் பிரகடனம் செய்துள்ளனர். 2018-இல் பிரான்ஸ் பேசிற்று. 2020 செப்டம்பரில் ஜெர்மனியும் நவம்பரில் நெதர்லாந்தும் தம் கொள்கைகளை வெளியிட்டன. 2021 மார்ச்சில் பிரிட்டன் இப்பக்கம் சாயப்போவதாக அறிவித்தது. அவ்வருஷம் செப்டம்பர் 16-ஆம் தேதி ஐரோப்பிய ஐக்கியம் முழுவதுமே தன் கொள்கையை எழுதி வெளியிட்டது. 2022 ஜூனில் மாட்ரிட் நகரில் கூடிய நேட்டோ மகாநாட்டுக்கு ஜப்பான், தென் கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய தேசங்களின் தலைவர்கள் அழைக்கப்பட்டனர். அட்லாண்டிக் சமுத்திரத்துக்கென ஏற்பட்ட கூட்டு, பசிபிக் சமுத்திரத்தையும் எட்டிப் பார்க்கிறது.

பேச்சுடன் நிற்கவில்லை, கப்பல்களும் வந்தன. 2021 ஜூலையில் 'குயீன் எலிசபெத்' என்னும் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் தன் பரிவாரங்களுடன் வங்காள விரிகுடாவில் நம் கடற்படையோடு கூட்டுப் பயிற்சி செய்தது. அந்தப் பரிவாரத்தில் நெதர்லாந்தின் 'எவர்ட்சன்' என்ற யுத்தக் கப்பலும் ஒன்று. 2024 ஆகஸ்டில் ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன், ஸ்பெயின் ஆகிய நான்கு தேசத்து விமானங்களும் கோயம்புத்தூருக்கு அடுத்த சூலூரில் இறங்கி, நம் விமானப் படையோடு பயிற்சி செய்து சென்றன.

இவற்றையெல்லாம் கண்டு சிலர் ஆனந்தக் கூத்தாடுகின்றனர். வேறு சிலர், மீண்டும் கம்பெனி வந்துவிட்டது என்று ஓலமிடுகின்றனர். இரண்டும் ஆராய்ச்சியற்ற கூற்றுக்களே என்போம். வருகிறவன் நண்பனா பகைவனா என்ற ஒரு கேள்வி மட்டும் போதாது. எதற்காக வருகிறான், எவ்வளவு தூரம் வருகிறான், எப்போது போவான் என்பவற்றையும் கேட்டாக வேண்டும். செஞ்சியார் இக்கேள்விகளைக் கேட்காததால் நேர்ந்ததைப் பார்ப்போம்.

பழைய 'பாதுகாப்புச் சபை'

நானூறு வருஷங்களுக்கு முன்னும் இந்நாடு தூர தேசத்தார் கண்ணுக்குச் செல்வம் பெருகும் பிரதேசமாகவே இருந்தது. 1597-இல் செஞ்சிக்கு வந்த பிமென்டா என்னும் ஏசு சபைப் பாதிரியார், லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துகல் தேசத்து நகரம் எதனையும்விட இது பெரிது என்று எழுதினார். அக்காலத்தில் இங்கு ஆண்டவர் கிருஷ்ணப்ப நாயக்கர். ஒல்லாந்தர் எனப்பட்ட டச்சுக்காரர் 1608-ஆம் வருஷத்தில் அவரிடம் வந்து, கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் கோட்டை கட்டிக்கொள்ள அனுமதி பெற்றனர். போர்த்துகேசியர் இதனை எதிர்த்தனர். நாயக்கருக்கு மேலாக விளங்கிய வேங்கடபதி ராயரிடம் சென்று முறையிட்டனர். இவ்விரு தேசத்தாரும் 1609-இல் ஐரோப்பாவில் 12 வருஷத்துக்குச் சண்டை நிறுத்தம் செய்துகொண்டவர்கள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அப்படியிருந்தும் 1612-இல் போர்த்துகேசியர் பழவேற்காட்டிலிருந்த டச்சுக் கிடங்கைத் தாக்கினர். அதன்பின் டச்சுக்காரர் அங்கே கெல்டிரியா என்ற கோட்டையை எழுப்பினர். ஐரோப்பாவில் எழுதிய சமாதானம் சோழமண்டலக் கரைக்கு வந்து சேரவில்லை.

அடுத்து நிகழ்ந்தது இதனினும் ரஸமானது. ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஸ்பெயினுக்கு எதிராக ஒரு காலத்தில் தோளோடு தோள் நின்றவர்கள். சமயத்திலும் ஒரே கட்சியினர். கீழைக் கடலில் தமக்குள் போட்டி வேண்டாமென்று 1619-இல் லண்டனில் உடன்படிக்கை செய்துகொண்டனர். மிளகு வியாபாரத்தில் இவ்வளவு பங்கு, கிராம்பு ஜாதிக்காயில் இவ்வளவு பங்கு என்று கணக்கிட்டனர். இரு தரப்பாரும் கப்பல்கள் தந்து ஒரே கூட்டுப் படை அமைக்கவும் ஏற்பாடாயிற்று. பழவேற்காட்டுக் கோட்டையின் காவற்செலவில் பாதியை ஆங்கிலேயர் ஏற்கவேண்டும். அதற்கு ஈடாக அங்கே வியாபாரத்தில் பங்கு பெறவேண்டும். இவற்றை மேற்பார்க்க ஒரு சபையும் நிறுவினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் யாது? 'பாதுகாப்புச் சபை' என்பதே. ஆகவே அச்சொல் நம் கடலுக்குப் புதிதன்று.

அந்தப் பாதுகாப்பு எத்தனை நாள் நின்றது? ஆங்கிலேயர் 1621-இல் பழவேற்காட்டுக்கு வந்தனர். 1623-இல் அம்போய்னாத் தீவில், தங்கள் கோட்டையைப் பிடிக்கச் சதி செய்ததாகக் குற்றஞ்சாட்டி, டச்சுக்காரர் பத்து ஆங்கிலேயரைச் சிரச்சேதம் செய்தனர். அவர்களோடு ஜப்பானியர் ஒன்பது பேரும் மாண்டனர். அவ்வருஷத்திலேயே ஆங்கிலேயர் பழவேற்காட்டை விட்டு வெளியேறினர். தங்களுக்கென ஓர் இடம் தேடி அலைந்து, 1639-இல் சென்னைப்பட்டினத்தில் நிலம் பெற்றனர். நேச தேசத்தார் இருவரின் மனஸ்தாபத்திலிருந்து முளைத்ததே சென்னைக் கோட்டை என்று சொன்னால் அது பெரிதும் மிகையாகாது.

இக்காலத்துக்கு வருவோம். 2016-இல் ஆஸ்திரேலியா 12 நீர்மூழ்கிக் கப்பல்களுக்காகப் பிரான்ஸைத் தேர்ந்தெடுத்தது. 2021 செப்டம்பர் 15-ஆம் தேதி அமெரிக்காவும் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து 'ஆக்கஸ்' என்ற கூட்டை அறிவித்தன. பிரான்ஸின் ஒப்பந்தம் காற்றில் பறந்தது. நேட்டோவில் ஒரே பந்தியில் அமர்ந்தவர்கள் தாம் இவர்கள்! பிரான்ஸ் சினந்து, வாஷிங்டனிலும் கான்பராவிலும் இருந்த தன் ஸ்தானிகர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டது. ஐரோப்பிய ஐக்கியத்தார் தம் இந்தோ பசிபிக் கொள்கையை ஆரவாரத்துடன் வெளியிட்டது மறுநாளே. அம்போய்னாவையும் இதனையும் நாம் ஒரே தட்டில் வைக்கவில்லை. அங்கே தலை போயிற்று. இங்கே ஒப்பந்தம் போயிற்று. ஆனால் இரண்டிலும் விளங்கும் உண்மை ஒன்றே. நேச தேசங்கள் தம் வீட்டு வாசலில் ஒன்றாக நிற்பது அச்சத்தால். தூரக் கடலில் ஒன்றாக நிற்பதோ ஆதாயம் ஒத்துப்போகும் மட்டும். ஆதாயம் பிரியும்போது வழியும் பிரியும்.

இதற்காக அவர்களை வைவதில் பயனில்லை. பிரான்ஸுக்கு ரீயூனியன் முதல் நியூ கலிடோனியா வரை இக்கடல்களில் சொந்தத் தீவுகளும் பிரஜைகளும் உண்டு. ஜெர்மனிக்குச் சரக்கு விற்க வேண்டும். சீனத்தின் எழுச்சியைக் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் கவலை. அவரவர் கவலை அவரவருக்கு நியாயமே. அவர்களுடைய பாதுகாப்பும் நம்முடைய பாதுகாப்பும் எந்த இடத்தில் ஒன்று சேர்கின்றன, எந்த இடத்தில் பிரிகின்றன என்று கண்டுபிடிக்கும் வேலை நம்முடையது. அதனை அவர்கள் நமக்காகச் செய்து தரமாட்டார்கள்.

பீரங்கி அளந்த எல்லை

செஞ்சியின் பெரிய பாடம் 1690-ஆம் வருஷத்தது. இந்தக் கதை கடலூர்ப் பக்கத்தார் பலருக்குத் தெரியும். தமிழ்நாட்டார் எல்லோருக்கும் தெரியவேண்டும்.

சாம்பாஜி மாண்டபின், அவர் தம்பி ராஜாராம் 1689-இல் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். பின்னாலேயே ஔரங்கசீப்பின் படை சுல்பிகார் கான் தலைமையில் வந்தது. முற்றுகைக்கு நிற்கப் பணம் வேண்டும். மராட்டியர் வசம் தேவனாம்பட்டினத்தில் ஒரு சிறு கோட்டை இருந்தது. சென்னையில் ஆங்கிலக் கம்பெனியின் கவர்னராயிருந்த எலிஹு ஏல் அதனை விலைக்குக் கேட்டார். செஞ்சித் தர்பார் விற்றது.

நாம் பத்திரிகைத் தொழிலுக்கு வருமுன் நீதிமன்றத்தில் பத்திரம் பார்த்தவர்கள். கிரயப் பத்திரம் எதனை எடுத்தாலும் அதில் சக்குபந்தி இருக்கும்: வடக்கே இன்னார் நிலம், தெற்கே வாய்க்கால், கிழக்கே பாட்டை, மேற்கே ஏரிக்கரை. ஒரு காணி நிலத்துக்கே இப்படி எழுதுகிறோம். தேவனாம்பட்டினக் கோட்டையை விற்றபோது எழுதிய எல்லை யாது? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரம்! அந்த வட்டத்துக்குள் அடங்கிய ஊர் யாவும் கம்பெனிக்கு.

கம்பெனியார் வியாபாரிகள், முழம் போடத் தெரிந்தவர்கள். நல்ல பீரங்கியும் கைதேர்ந்த பீரங்கிக்காரனும் அமையவேண்டும் என்பதில் சென்னையிலிருந்தே கவலை எடுத்துக்கொண்டனர். 1690 செப்டம்பரில் நாலா பக்கமும் சுட்டனர். குண்டு விழுந்த இடமெல்லாம் எல்லையாயிற்று. கடலூர்ப் பட்டினமே அந்த வட்டத்துக்குள் அகப்பட்டது. அவ்வூர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்ற பெயரும் வழங்கலாயிற்று. கோட்டைக்கு செயின்ட் டேவிட் கோட்டை என்று புதுப் பெயர் வந்தது.

ராஜாராமை மூடர் என்று நாம் சொல்லமாட்டோம். வாசலில் எதிரி நிற்கும்போது, தூரத்திலுள்ள சிறு கோட்டையை விற்றுப் படைக்குச் சம்பளம் கொடுப்பது எந்த அரசனுக்கும் தோன்றக்கூடியதே. அவருடைய பகைவர் மொகலாயர். ஆங்கிலேயர் அன்று வெறும் செட்டுக்காரர். அவர் செய்த பிழை விற்றதில் அவ்வளவாக இல்லை. எல்லையை விட்ட இடத்திலேதான் இருக்கிறது. அளக்கும் கோலை வாங்குகிறவன் கையில் கொடுத்துவிட்டார். இன்னொரு குறையும் உண்டு. சிவாஜி மகாராஜா கொங்கணக் கரையில் கப்பற்படை கண்டவர். 1677-இல் செஞ்சியைக் கைக்கொண்டபின், அவரோ அவர் வழிவந்தோரோ சோழமண்டலக் கரையில் அதுபோன்றதொரு படை காணவில்லை. தானே காக்க முடியாத கரை, கேட்டவனுக்குப் போகும்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது, ஆங்கிலக் கம்பெனிக்குத் தங்க நிழல் தந்தது தேவனாம்பட்டினத்துக் கோட்டையே. 1752 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமைத் தானம் அதுதான். 1748-இல் இரு தேசத்தாரும் ஐரோப்பாவில் சமாதானம் செய்துகொண்டனர். இங்கோ சந்தா சாகிபுக்குப் 'பாதுகாப்பு' என்று பிரெஞ்சுக்காரரும், மகமதலிக்குப் 'பாதுகாப்பு' என்று ஆங்கிலேயரும் சண்டையைத் தொடர்ந்தனர். 1750 செப்டம்பரில் புஸ்ஸி என்னும் பிரெஞ்சுத் தளபதி ஒரே இரவில் செஞ்சி மலை ஏறினார். ஏழு வருஷம் மொகலாயர் முட்டி நின்ற மலை அது! அதே வருஷம் டிசம்பரில், தக்ஷிணத்து நவாபுகளுக்கெல்லாம் தலைவரான நாசிர் ஜங், செஞ்சிக்கு அருகே நடந்த போரில் தம் கட்சியைச் சேர்ந்தவராலேயே கொல்லப்பட்டார். 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. ஏப்ரலில் செஞ்சி ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. தேவனாம்பட்டினத்தில் குண்டு சுட்டு 71 வருஷங்களில் செஞ்சி மலையின் கதை முடிந்தது.

நம் காலத்துக் குண்டு

இன்று பீரங்கி சுட்டு எல்லை அளப்பாரில்லை. அதற்குப் பதிலாகக் குத்தகை வந்திருக்கிறது.

கன்னியாகுமரிக்கு அப்பால் சுமார் 1,800 கிலோமீட்டர் தூரத்தில் தியாகோ கார்சியா என்ற தீவு இருக்கிறது. 1965-இல் பிரிட்டன் அதனையும் அதைச் சேர்ந்த சாகோஸ் தீவுகளையும் மொரீஷியஸிலிருந்து பிரித்தெடுத்தது. மறுவருஷம் அமெரிக்காவோடு உடன்படிக்கை செய்து ராணுவத் தளத்துக்கு அளித்தது. நேச தேசங்கள் இரண்டின் பாதுகாப்புக்காக அத்தீவு மக்கள் அனைவரும் 1973-க்குள் கப்பலேற்றி வெளியேற்றப்பட்டனர். அது தவறு என்ற கருத்தை 2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் வெளியிட்டது. 2025 மே மாதத்தில் தீவுகளின் உரிமையை மொரீஷியஸுக்கு ஒப்புக்கொண்டு பிரிட்டன் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. ஆனால் தளம் மட்டும் 99 வருஷத்துக்குக் குத்தகை!

மேலை நாட்டாரை மட்டும் குறை கூறுகிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் சீனக் கம்பெனியொன்றின் கைக்குப் போயிற்று. அதற்கும் காலம் 99 வருஷமே. கடன் சுமையில் இருந்த கொழும்பு சர்க்காரும், முற்றுகைக்கு அஞ்சிய செஞ்சித் தர்பாரும் ஒரே நெருக்கடியில் ஒரே காரியத்தைச் செய்தனர். மேற்கிலிருந்து வந்தாலென்ன, வடக்கிலிருந்து வந்தாலென்ன? முறை ஒன்றுதான்.

நம் தேசத்துக்கும் நேர்ந்த அநுபவங்கள் உண்டு. 1971 டிசம்பரில் 'என்டர்பிரைஸ்' என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் வங்காள விரிகுடாவுக்குள் வந்தது. அன்று அது நம்மைக் காக்க வரவில்லை. ஐம்பது வருஷம் கழித்து, 2021 ஏப்ரலில், நால்வர் கூட்டில் நம்மோடு கைகோத்திருக்கும் அதே தேசத்தின் யுத்தக் கப்பல், நம் அனுமதி கேளாமல் லக்ஷத்தீவுக்கு மேற்கே நம் பொருளாதாரக் கடல் எல்லைக்குள் சென்றது. சென்றதைப் பறைசாற்றவும் செய்தது. 2025 ஆகஸ்டில் அந்த நண்பரே நம் சரக்குகள்மீது 50 சதவிகித வரி விதித்தார். திருப்பூர்ப் பனியன் முதலாளியும் தொழிலாளியும் அதன் சூட்டை அறிவார்கள். நண்பர் நண்பரே, ஆயினும் அவர் கணக்கு வேறு, நம் கணக்கு வேறு.

ஆக்ஷேபங்களுக்கு விடை

'அப்படியானால் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்கிறீர்களா?' என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். இல்லை. 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர் 20 பேர் உயிர் துறந்ததை நாம் மறக்கவில்லை. அந்த வீரருள் ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்த தமிழரும் ஒருவர். வல்லரசு ஒன்று பக்கத்தில் எழும்போது துணை தேடுவது ராஜநீதி. திருவள்ளுவர் துணைவலியையும் தூக்கிப் பார்க்கச் சொன்னவர். நம் தேசத்தின் சரக்குப் போக்குவரத்தில் எடைக் கணக்கில் மிகப் பெரும் பகுதி கடல் வழியே நடப்பது. அந்த வழி முழுதையும் நாம் ஒருவரே காவல் காத்துவிட முடியும் என்று நாம் வீரம் பேசவில்லை.

துணை பெறுவதில் நல்ல மாதிரியும் நம்மிடமே இருக்கிறது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை எழுந்து நாகப்பட்டினத்தையும் கடலூரையும் விழுங்கிற்று. அதே தேவனாம்பட்டினத்து மீனவர் குடும்பங்களும் அன்று பலியாயின. நாம் துயரத்தில் மூழ்கியிருந்த அந்த வேளையிலேயே நம் கடற்படைக் கப்பல்கள் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் உதவி கொண்டு சென்றன. இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகிய நான்கு தேசங்களும் சேர்ந்து வேலை செய்தன. இன்று 'குவாட்' என்று சொல்லப்படும் நால்வர் கூட்டுக்கு வித்து அதுவே. அதன் அழகு எதில் இருந்தது? நோக்கம் தெளிவு: உயிர் காப்பது. காலம் தெளிவு: சில நாட்கள். வேலையை ஐக்கிய நாடுகள் சபையிடம் ஒப்புவித்துக் குழு கலைந்தது. ஒருவர் மண்ணில் மற்றொருவர் கொடி நாட்டவில்லை.

1971 ஆகஸ்டில் சோவியத் தேசத்தோடு நாம் செய்த உடன்படிக்கையும் அப்படியே. தாக்குதல் நேர்ந்தால் இருவரும் உடனே கலந்து பேசவேண்டும் என்று ஒன்பதாவது ஷரத்தில் எழுதினார்கள். தளம் தருவதாக ஒரு வரியும் இல்லை. ஆபத்துக் காலத்திலும் எல்லை தவறாமல் பத்திரம் எழுத நமக்குத் தெரியும் என்பதற்கு அது சாக்ஷி.

இந்த அளவுகோலைக் கொண்டே இன்றைய ஏற்பாடுகளையும் அளக்க வேண்டும். 2016-இல் அமெரிக்காவோடும் 2018-இல் பிரான்ஸோடும் எரிபொருள், உணவு, பழுது முதலிய உதவிகளைப் பரஸ்பரம் தந்துகொள்ள ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. 2022 ஆகஸ்டில் 'சார்ல்ஸ் ட்ரூ' என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பல் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளித் தளத்தில் பழுது பார்க்க வந்தது. டச்சுக்காரரின் கெல்டிரியாக் கோட்டை நின்ற பழவேற்காட்டுக்கு அது மிக அண்மையிலுள்ள இடம். கப்பல் வந்தது, நம் தொழிலாளர் பழுது தீர்த்தனர், கூலி பெற்றனர், கப்பல் போயிற்று. இதில் குறை காண்பவர் நம்மவராயினும் அவரோடு நாம் உடன்படோம். ஆயினும் மறுவருஷமே அவ்வேலைக்கு நிலையான ஒப்பந்தம் ஏற்பட்டது. ஒரு தரம் வருவது வேறு. வழக்கமாக வருவது வேறு. வழக்கம் நாளடைவில் உரிமையாகிவிடும் என்பதை எந்த முன்சீப் கோர்ட்டிலும் கேட்டறியலாம். ஆகவே இதன் சக்குபந்தி யாது என்று கேட்பது பகைமையாகாது. கேட்காமலிருப்பதே பிழை.

யார் கையெழுத்து?

இங்கே சட்டத்தின் நிலையைச் சொல்லவேண்டும். 1960-இல் பெருபாரி விஷயத்தில் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியுள்ளது: இந்திய மண்ணை அந்நியருக்கு விட்டுக்கொடுக்க வேண்டுமாயின் அரசியல் சாசனத்தையே திருத்தியாக வேண்டும். ஆனால் மண்ணை விடாமல், மண்ணின் உபயோகத்தை மட்டும் ஓர் உடன்படிக்கையால் தருவதாயின்? அதற்குப் பார்லிமெண்டின் சம்மதம் வேண்டுமென்று சாசனம் கட்டாயப்படுத்தவில்லை. மந்திரிகளின் கையெழுத்தே போதும். கிரயத்துக்குக் காவல் உண்டு. போக்கியத்துக்குக் காவல் இல்லை.

இது ஏட்டுச் சுரைக்காய் வாதமன்று. 1974-இல் கச்சத்தீவு போனது எப்படி? நிலத்தை விட்டுக்கொடுக்கவில்லை, தகராறிலிருந்த எல்லையை வரையறுத்தோம் என்றனர் சர்க்கார் தரப்பார். ஆகவே சாசனத் திருத்தம் வரவில்லை. இரு தேசங்களின் நட்புக்காகவும் பந்தோபஸ்துக்காகவும் டில்லியில் கோடு கிழித்தார்கள். அந்தக் கோட்டின் பலனை ராமேசுவரத்து மீனவர் இன்றளவும் அநுபவிக்கின்றனர். படகு போகிறது, வலை போகிறது, மனிதர் சிறைக்குப் போகின்றனர். பெரிய தேசங்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது, அந்தக் கரையில் படுத்துறங்கும் ஏழையின் பாதுகாப்பு யார் நினைவுக்கும் வருவதில்லை. குண்டு கிராமத்து ஜனங்களையும் 1690-இல் யாரும் கேட்கவில்லை. சாகோஸ் தீவினரையும் யாரும் கேட்கவில்லை.

ஆகவே நம் கோரிக்கை இது. நம் கரையையும் நம் கடலையும் பற்றி எந்தத் தேசத்தோடு எந்தப் பாதுகாப்பு ஏற்பாடு செய்தாலும், நான்கு விஷயங்கள் அதில் பச்சையாக எழுதப்பட வேண்டும். நோக்கம் இன்னது. இடம் இன்ன எல்லைக்குட்பட்டது. காலம் இத்தனை வருஷம். அதற்குமேல் நீடிக்கப் புதுச் சம்மதம் வேண்டும். அவ்விடத்தில் வாழும் மக்களின் பிழைப்புக்கு இன்ன பாதுகாப்பு. இந்நான்கும் பார்லிமெண்டின் முன் வைக்கப்பட வேண்டும். கரையோர மாகாணச் சர்க்காரின் கருத்தையும் கேட்க வேண்டும். படைகளின் ரகசியங்களை வெளியிடச் சொல்லவில்லை. எத்தனை பீரங்கி என்று நாம் கேட்கவில்லை. குண்டு எவ்வளவு தூரம் போகும் என்று மட்டுமே கேட்கிறோம்.

இதனைக் கட்டாயமாக்கும் சட்டமொன்றைப் பார்லிமெண்டு செய்யலாம். அதற்குத் தடை ஒன்றும் இல்லை. கட்சி எதுவாயினும், தமிழ்நாட்டிலிருந்து டில்லிக்குச் சென்றிருக்கும் அங்கத்தினர் இதனை முன்னின்று நடத்த வேண்டும். இத்தனை நீளக் கடற்கரையைக் கொண்ட நாட்டின் பிரதிநிதிகள் அவர்கள். மேடை தோறும் கச்சத்தீவைப் பேசுகிறவர்கள், இனி ஒரு கச்சத்தீவு நேராதபடி சட்டம் செய்ய வேண்டாவா? ஊர்தோறும் உள்ள தேசத்தொண்டர்களும் தம் தொகுதிப் பிரதிநிதியிடம் இக்கேள்வியைக் கேட்க வேண்டும். விடை வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

செஞ்சிக்கு இனிப் பல தேசத்து யாத்ரிகர்கள் வருவார்கள். கல்யாண மகாலையும் களஞ்சியத்தையும் படமெடுப்பார்கள். வரட்டும், நல்வரவு கூறுவோம். நம்மவர் மலையேறும்போது மட்டும் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இந்த மதில்களில் குறையில்லை. கல் இன்றும் அப்படியே நிற்கிறது. குறை, 70 கிலோமீட்டருக்கு அப்பால், கடற்கரையில், யாரோ அவசரத்தில் எழுதிய ஒரு பத்திரத்தில் இருந்தது. அப்பத்திரத்தில் எல்லை எழுதவேண்டிய இடத்தைச் செஞ்சித் தர்பார் வெறுமையாக விட்டது. நாம் விடலாகாது.